உங்க வீடியோவுக்கு தமிழ் சப்டைட்டில், கேப்ஷன் போடுவது எப்படி? 'ஆட்டோ' வசதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? - முழு விவரம்

காரைக்குடி பக்கத்தில் இருக்கும் கோவிலூரில் ஒரு கல்யாணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்யாண வீடியோ மறுவாரமே யூடியூபில் ஏறிவிடுகிறது. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாதி தமிழ் புரியாது. இங்கே ஊரிலேயே இருக்கும் பெரியப்பாவுக்கு வயதாகி காது கேட்காது. வீடியோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவருக்கு மட்டும் என்ன ஜோக் என்று தெரியாது.

இந்த இரண்டு பேருக்கும் தேவை, திரையின் கீழே ஓடும் இரண்டு வரி எழுத்து. போடுவதற்கு இலவச சாஃப்ட்வேர்கள் நிறையவே இருக்கின்றன. ஆனாலும் தமிழில் இன்னும் பெரும்பாலான வீடியோக்கள் எழுத்தே இல்லாமல்தான் வருகின்றன. எழுத்து இருந்தாலும், மெஷின் கேட்டு எழுதிய தப்பும் தவறுமான வரிகளாக இருக்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். வயதாகி காது மந்தமாகி, 'எனக்கு ஒண்ணும் இல்லை' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கில் எவ்வளவு பேர் வந்திருப்பார்கள் என்பது உங்கள் வீட்டைப் பார்த்தாலே தெரியும்.

சப்டைட்டில் வேறு, கேப்ஷன் வேறா?

ஆமாம், வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம், பரவாயில்லை. ஆனால் வேலை செய்யும்போது வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

பார்ப்பவருக்குக் காது கேட்கும், மொழிதான் தெரியாது என்று நினைத்து எழுதுவது சப்டைட்டில். கொரியன் சீரிஸுக்கு நாம் போட்டுப் பார்க்கிறோமே, அது. பார்ப்பவருக்குச் சத்தமே கேட்காது என்று நினைத்து எழுதுவது கேப்ஷன். அதில் வசனத்தோடு, யார் பேசுகிறார், பின்னால் என்ன சத்தம், இசை எப்போது நின்றது என்பதும் இருக்கும். முகம் தெரியாமல் அறைக்கு வெளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டால், அது யார் என்று எழுதியாக வேண்டும். கெட்டிமேளம் கொட்டும் இடத்தில் எழுத்து இல்லாவிட்டால், ஏன் திடீரென்று எல்லோரும் அட்சதை போடுகிறார்கள் என்று அந்தப் பெரியப்பாவுக்குத் தெரியாது.

இன்னொரு பிரிவும் உண்டு. பார்ப்பவர் விரும்பினால் ஆன் செய்து, வேண்டாமென்றால் ஆஃப் செய்யக்கூடியது 'க்ளோஸ்டு' கேப்ஷன். யூடியூபில் 'சிசி' என்ற பட்டன் அதற்குத்தான். வீடியோவோடு சேர்த்தே ஒட்டிவிட்டால் அது 'ஓப்பன்' கேப்ஷன். அதை ஆஃப் செய்ய முடியாது.

சினிமா பேச ஆரம்பித்தபோது நடந்தது

தமிழ்நாட்டின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' படத்தில் வசன அட்டைகள் தமிழிலும் இருந்தன. அந்தக் காலத்தில் எழுத்துப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும், காது கேட்பவரும் கேட்காதவரும் ஒரே படத்தை ஒரே மாதிரி பார்க்கலாம். 1931-ல் 'காளிதாஸ்' வந்து சினிமா பேச ஆரம்பித்தது. வசன அட்டைகள் காணாமல் போயின. எல்லோரும் கொண்டாடிய அந்த மாற்றத்தில், காது கேட்காதவர்கள் தியேட்டருக்கு வெளியே போய்விட்டார்கள்.

காரைக்குடிக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன், 'ஹரிச்சந்திரா' கன்னடப் படத்தைத் தமிழில் குரல் மாற்றி 1944-ல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்று அதைச் சொல்வார்கள். பிறகு அவர் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947-ல் வந்தது. மொழி தெரியாதவருக்குப் படத்தைக் கொண்டுபோக இங்கே நாம் தேர்ந்தெடுத்த வழி குரல் மாற்றுவது. எழுத்து போடும் பழக்கம் நம்மிடம் அப்படியே பின்தங்கிவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

எழுத்தின் பக்கம் நின்று பேசியவர்களும் உண்டு. அகமதாபாத் ஐஐஎம்-ல் இருந்த பிரிஜ் கோத்தாரி, பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளையும் ஓடவிட்டால் அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களின் வாசிப்பு வளரும் என்று 1996-லேயே சொன்னார். 1999-ல் குஜராத்தி தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சியில் அது ஒளிபரப்பானது. ஆக, தமிழ் வீடியோவுக்குத் தமிழிலேயே எழுத்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது இன்னொரு பதில்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 42: மின்னணு ஊடகங்களில் வரும் விஷயங்கள், க்ளோஸ் கேப்ஷன், சைகை மொழி, ஒலி விளக்கம் ஆகியவற்றின் மூலம் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். இதன் தொடர்ச்சியாக, டிவி நிகழ்ச்சிகளுக்கான தரநிலைகளை மத்திய தகவல் ஒளிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் வெளியிட்டது. எங்களைப் போன்ற நியூஸ் சேனல்களும் அதில் அடக்கம்.

சினிமாவில் பரபரப்பைக் கிளப்பியது 'பதான்' வழக்கு. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், அந்தப் படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு க்ளோஸ்டு கேப்ஷனும் ஒலி விளக்கமும் தயாரிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு, 2024 மார்ச் 15-ல், தியேட்டரில் திரையிடும் படங்களுக்கான வழிகாட்டுதல்கள் வந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் வாங்கும் படங்களுக்கு 6 மாதம், மற்றவற்றுக்கு 2 ஆண்டு என்று அவகாசம். அதே ஆண்டு நவம்பர் 8-ல், ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிகளை வெறும் பரிந்துரையாக விடக்கூடாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

கல்யாண வீடியோ எடுப்பவர்மேல் யாரும் கேஸ் போடப்போவதில்லை. ஆனால் யூடியூப் சேனல், குறும்படம், பட விளம்பரம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வரப்போகிற வேலை. இப்போதே கற்றுக்கொள்வது நல்லது.

சரி, எப்படிப் போடுவது?

கேப்ஷன் ஃபைல் என்பது ஏதோ பெரிய விஷயம் என்று பயப்பட வேண்டாம். நோட்பேடில் திறந்தாலே படிக்க முடிகிற வெறும் எழுத்துதான் அது. அதிகம் பயன்படும் 'எஸ்ஆர்டி' வகை ஃபைல் இப்படி இருக்கும்:

1
00:00:04,000 --> 00:00:07,200
ஆச்சி: மாப்பிள்ளை வீட்டுக்காரங்க
வந்துட்டாங்களா?

2
00:00:07,900 --> 00:00:10,500
[நாதஸ்வர இசை]

முதலில் வரிசை எண். அடுத்து, எழுத்து எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்ற நேரம் (மணி, நிமிடம், விநாடி, கமாவுக்குப் பிறகு மில்லி விநாடி). அதற்குக் கீழே வசனம். பிறகு ஒரு காலி வரி. அவ்வளவுதான். அந்தக் காலி வரியை விட்டுவிட்டால் இரண்டு வசனமும் ஒட்டிக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் இருந்தால் 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். வீடியோ ஒரு பக்கம் ஓடும், சத்தத்தின் அலை கீழே தெரியும், எந்த இடத்தில் பேச்சு தொடங்குகிறது என்று கண்ணாலேயே பார்த்து நேரம் வைக்கலாம். எடிட்டிங் தெரிந்தவர்கள் 'டாவின்சி ரிசால்வ்', 'பிரீமியர் ப்ரோ' இரண்டிலும் சப்டைட்டிலுக்கென்றே தனி டிராக் வைத்திருக்கிறார்கள், அதில் வேலை செய்யலாம்.

ஃபைல் தயாரானதும், யூடியூப் ஸ்டூடியோவில் 'சப்டைட்டில்ஸ்' பகுதிக்குப் போய், வீடியோவைத் தேர்ந்தெடுத்து, மொழி தமிழ் என்று கொடுத்து, 'அப்லோடு ஃபைல்', 'வித் டைமிங்' என்று ஏற்றுங்கள். தனி சாஃப்ட்வேரே வேண்டாம் என்றால் அங்கேயே நேரடியாக டைப் செய்யலாம். நீங்கள் டைப் செய்யும்போது வீடியோ தானாக நிற்கிற வசதியும் அதில் இருக்கிறது. பென் டிரைவில் போட்டு விஎல்சி பிளேயரில் பார்ப்பதாக இருந்தால், வீடியோவுக்கும் எஸ்ஆர்டி ஃபைலுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள், தானாக எடுத்துக்கொள்ளும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஃபார்வர்டு என்று போகிற வீடியோவில் இந்தத் தனி ஃபைல் கூடப் போகாது. அதற்கு மட்டும் எழுத்தை வீடியோவிலேயே ஒட்டி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

எழுத்து உடைந்து தெரிகிறதா?

தமிழில் கேப்ஷன் போடுபவர்கள் பாதிப் பேர் கைவிடும் இடம் இதுதான். 'கோவிலூர்' என்று அடித்தால் இரட்டைக்கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் ஒரு பக்கமும் தனியாக நிற்கும், நடுவில் வட்டமெல்லாம் வரும். 'கொற்றவாளீஸ்வரர்' கோயில் பெயர் இன்னும் மோசமாகும். சாஃப்ட்வேர் இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாமல் இருப்பதுதான் காரணம். பிரீமியர் ப்ரோவில் ப்ரிஃபரென்சஸ் போய், கிராபிக்ஸ் பகுதியில் 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது 'யூடிஎஃப்-8' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும்.

இன்னொரு சிக்கல் பழைய ஃபான்ட். ஊர்ப்பக்க ஸ்டூடியோ, டிடிபி சென்டர்களில் பாமினி போன்ற ஃபான்ட்டில் அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆல்பம் அட்டைக்கு அது சரி. கேப்ஷன் ஃபைலில் போட்டால், பார்ப்பவர் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. கேப்ஷனுக்கு யூனிகோடு மட்டும்தான்.

ஒரு வரியில் எத்தனை எழுத்து என்பதிலும் குழப்பம் வரும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வசனம் 7 விநாடிக்கு மேல் நிற்க வேண்டாம் என்பது பொதுவான வழக்கம். ஆங்கிலத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் வைத்திருக்கும் அளவு வரிக்கு 42 எழுத்து. இதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டால் கணக்கு இடிக்கும். 'காரைக்குடி' நமக்கு 5 எழுத்து. சாஃப்ட்வேர் அதை 10 என்று எண்ணும், ஏனென்றால் துணைக்கால், புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. அதனால் எண்ணிக்கையைப் பார்க்காமல் போன் திரையில் போட்டுப் பாருங்கள். ஒருமுறை வாய்விட்டு வாசிக்கும் நேரத்துக்குள் வரி மறைந்துவிட்டால் அது நீளம், உடைத்துப் போடுங்கள்.

ஏஐ போட்டுக்கொடுக்காதா?

போட்டுக்கொடுக்கும். ஓப்பன்ஏஐ 2022-ல் வெளியிட்ட 'விஸ்பர்' தமிழையும் கேட்டு எழுதும். சப்டைட்டில் எடிட் சாஃப்ட்வேருக்குள்ளேயே அதை இயக்கலாம். நம்ம சென்னை ஐஐடியில் இருக்கும் 'ஏஐ4பாரத்' குழுவும் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான பேச்சு மாடல்களை இலவசமாகத் தருகிறது. செய்தி வாசிப்பு மாதிரி தெளிவான பேச்சென்றால் நல்ல முதல் டிராஃப்ட் கிடைக்கும். நேரம் வைக்கும் வேலை பெருமளவு மிச்சம்.

ஆனால் கல்யாண வீட்டில் யாரும் செய்தி வாசிப்பதில்லை. மேளத்துக்கு நடுவே, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இசை மட்டும் ஓடுகிற இடத்தில் யாருமே பேசாத ஒரு வாக்கியத்தைத் தானாக எழுதிவைக்கும் கெட்ட பழக்கம் விஸ்பருக்கு உண்டு. கேட்கிறவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். கேட்காதவர் அதை உண்மை என்றே நம்புவார்.

வட்டாரச் சொல் வந்தால் இன்னும் சிரமம். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் தாலி 'கழுத்துரு', அதைக் கட்டுவது 'திருப்பூட்டுதல்', கல்யாண ஒப்பந்த எழுத்து 'இசைகுடிமானம்'. இவையெல்லாம் மெஷின் அதிகம் கேட்டிராத சொற்கள். 'கழுத்துரு' என்பது 'கழுத்து' என்று சுருங்கிவிட்டால் அந்த வாக்கியத்துக்கே அர்த்தம் போச்சு.

ஆங்கில சப்டைட்டில் போடும்போது உறவுமுறையில்தான் பெரிய பள்ளம். நகரத்தார் வீடுகளில் 'அப்பச்சி' என்றால் அப்பா. கொங்குப் பக்கம் அதே சொல் அம்மாவின் அப்பாவைக் குறிக்கும். 'ஆயா' இங்கே அம்மாவின் அம்மா, சென்னையில் குழந்தை பார்த்துக்கொள்ளும் அம்மா. 'ஆச்சி' திருநெல்வேலியில் பாட்டி, இங்கே அக்காவையும் அப்படிக் கூப்பிடுவார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பேத்திக்கு, வீடியோவில் வருவது தாத்தாவா கொள்ளுத்தாத்தாவா என்று தப்பாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது இல்லையா?

கோவிலூர் இன்னொரு விஷயத்துக்கும் பேர்போனது, அங்குள்ள மடாலயம் தமிழில் வேதாந்தம் சொல்லிக்கொடுத்த பரம்பரை. அப்படி ஒரு வேதாந்தச் சொற்பொழிவு வீடியோவில் 'வீடு' என்று வந்தால் அது முக்தி. ஆட்டோ டிரான்ஸ்லேட் அதைக் குடியிருக்கும் வீடாக்கிவிட வாய்ப்பு அதிகம். ஆயிரம் சன்னல் வீடு இருக்கும் ஊரில் யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள்!

இதற்கு ஒரு எளிய வழி: வீடியோவில் வரும் பெயர்கள், ஊர்கள், சடங்குச் சொற்களை முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டாலே பத்து நிமிட வேலை. மெஷின் டிராஃப்டைத் திருத்தும்போது அந்தப் பட்டியலை வைத்துத் தேடினால் பாதித் தப்பு பிடிபட்டுவிடும்.

பேசுகிற மாதிரியே எழுதுவதா, திருத்தி எழுதுவதா?

தமிழில் கேப்ஷன் போடும் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. 'வந்துட்டாய்ங்க' என்று ஒருவர் சொல்கிறார். 'வந்துவிட்டார்கள்' என்று எழுதினால் ஆள் மாறிவிடுகிறார். சிவகங்கை, மதுரைப் பக்கத்துப் பேச்சின் வாசனையே அந்த 'ஆய்ங்க'வில்தான் இருக்கிறது. கேட்கிறவருக்குக் கிடைப்பது கேட்காதவருக்கும் கிடைக்க வேண்டும் என்றால் பேச்சை அப்படியேதான் எழுத வேண்டும்.

மறுபக்கமும் பாருங்கள். பிறவியிலேயே காது கேட்காத பலருக்கு முதல் மொழி சைகை மொழி. தமிழை அவர்கள் பள்ளிப் புத்தகத்தின் எழுத்து வழியாகத்தான் கற்றிருப்பார்கள். 'போய்ட்டிருக்கேன்' என்று புத்தகத்தில் எங்கும் வராது. ஓடுகிற வரியில் அதை இரண்டு விநாடியில் எழுத்துக்கூட்ட வேண்டும் என்றால் அவர்களுக்குக் கஷ்டம்.

எங்கள் கருத்து இதுதான். பேட்டி, கதை, வீட்டு வீடியோ என்றால் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துமுறை வையுங்கள். ஒரு இடத்தில் 'வந்துட்டாங்க', அடுத்த இடத்தில் 'வந்திட்டாங்க' என்று மாற்றினால்தான் கண் தடுக்கும். அறிவிப்பு, மருத்துவம், அரசுத் திட்டம் மாதிரி தகவல் சொல்லும் வீடியோ என்றால் எளிய எழுத்துத் தமிழ் போதும். 'வந்து', 'அதாவது பார்த்தீங்கன்னா' போன்ற இழுவைகளை எங்கேயும் வெட்டலாம். ஆனால் திட்டு, கிண்டல், கோபம் இவற்றை நாகரிகம் பார்த்து மாற்றாதீர்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று அவர்களுக்காக நாம் முடிவு செய்வது நியாயமில்லை.

வெளியிடும் முன்பும் பின்பும்

போனில் சத்தத்தைச் சுத்தமாக மியூட் செய்துவிட்டு முழு வீடியோவையும் ஒருமுறை பாருங்கள். எங்கே கதை புரியவில்லையோ அங்கே ஒரு சத்தமோ பெயரோ விடுபட்டிருக்கும். முகத்தையோ, திரையில் ஏற்கெனவே இருக்கும் பெயர்ப் பட்டையையோ கேப்ஷன் மறைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முன்பெல்லாம் யூடியூப் வீடியோவுக்குப் பார்வையாளர்களே சப்டைட்டில் எழுதி அனுப்பலாம். 2020 செப்டம்பரில் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். இப்போது சேனல் செட்டிங்ஸில் 'பெர்மிஷன்ஸ்' பகுதிக்குப் போய், நம்பிக்கையான ஒருவரை 'சப்டைட்டில் எடிட்டர்' ஆக மட்டும் சேர்க்கலாம். அவரால் வீடியோவை டெலிட் செய்ய முடியாது, எழுத்தை மட்டும் திருத்த முடியும். ஊர்ப் பேச்சு தெரிந்த சொந்தக்காரர் ஒருவருக்கு இதைக் கொடுத்துவிட்டால் உங்கள் வேலை குறையும்.

வெளியிட்ட பிறகு தப்பு தெரிந்தாலும் பதற வேண்டாம். தனி ஃபைலாகப் போட்ட கேப்ஷனை யூடியூப் ஸ்டூடியோவிலேயே திருத்திச் சேமிக்கலாம், வீடியோ லிங்க்கும் வியூஸும் அப்படியே இருக்கும். எழுத்தை வீடியோவில் ஒட்டியிருந்தால் திரும்ப எக்ஸ்போர்ட் செய்து புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். அதனால் வாட்ஸ்அப்புக்கு ஒட்டிய வீடியோ அனுப்பினாலும், எஸ்ஆர்டி ஃபைலை அழிக்காமல் ஒரு காப்பி வைத்திருங்கள்.